கரை சேர்ந்த கடற்குரல்கள்

2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹார்விச் துறைமுகத்தில், எல்வி 18 என்ற பழைய கலங்கரைக் கப்பலுக்குள் ஒரு வானொலிக் கலையகம் முளைத்தது. அறுபது வயதைத் தாண்டிய அறிவிப்பாளர்கள் அதில் ஏறினார்கள். ஒரு காலத்தில் அவர்கள் கரை காணாத கப்பல்களில் வாரக்கணக்கில் தங்கி இசைத்தட்டுகளைச் சுழற்றியவர்கள். 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவோடு அவர்களுடைய தொழிலைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது பிரிட்டிஷ் அரசு. அந்தச் சட்டத்துக்கு 40 ஆண்டு நிறைந்த வேளையில் அவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் மைக்கின் முன் உட்கார வைத்தது வேறு யாருமல்ல, பிபிசியின் எஸ்ஸெக்ஸ் வட்டார நிலையம். ஒலிபரப்புக்கு அது வைத்த பெயர் 'பைரேட் பிபிசி எஸ்ஸெக்ஸ்'.

இந்த ஏற்பாடு 2004 ஈஸ்டரிலேயே ஒருமுறை நடந்திருந்தது. பிறகு 2009-லும், சட்டத்தின் 50-ஆம் ஆண்டான 2017-லும் நடந்தது. கீத் ஸ்கூஸ், டேவ் கேஷ், ரோஜர் டே போன்ற பழைய கடல் வானொலிக்காரர்கள் அந்தக் காலப் பாட்டுகளைப் போட்டு, அந்தக் காலத்துக் கதைகளைப் பேசினார்கள். அரசின் ஒலிபரப்பு நிறுவனம் தன் பழைய எதிரிகளுக்கு எடுத்த விழா அது.

'பைரேட்', அதாவது கடற்கொள்ளை வானொலிக்காரர்கள் என்று அழைக்கப்பட்ட இவர்களின் சந்திப்புகளைப் பழைய நண்பர்களின் அரட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டத்துக்குப் புறம்பாக நடந்த நிலையங்களுக்கு அரசுக் காப்பகம் கிடையாது. கப்பல்களில் பேசியதைப் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்க ஆளும் இல்லை. அவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி பேசியவர்களின் நினைவிலும், வீட்டில் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்த நேயர்களின் அலமாரியிலும்தான் இருந்தது. இந்த இரண்டு தரப்பும் ஒரு கூடத்தில் சந்தித்தபோதுதான் அந்த வரலாறு எழுத்தில் ஏறத் தொடங்கியது.

என்ன நடந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். ஊரெல்லாம் பீட்டில்ஸ் பேச்சாக இருந்தபோதும் அந்த இசைத்தட்டுகளை பிபிசியால் நினைத்த நேரமெல்லாம் ஒலிபரப்ப முடியவில்லை. இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர் சங்கமும் பிபிசியோடு செய்திருந்த உடன்பாட்டின்படி, ஒரு நாளில் சில மணி நேரம் மட்டுமே இசைத்தட்டுகளைப் போடலாம். மீதி நேரத்தில் அந்தப் பாட்டுகளை பிபிசியின் வாத்தியக் குழுக்களே வாசித்துக் காட்டின. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பேசிய ரேடியோ லக்ஸம்பர்க் இரவில் மட்டும் கேட்கும். அதிலும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் நேரத்தை விலைக்கு வாங்கித் தங்கள் பாடகர்களையே முன்னிறுத்தின.

ரோனன் ஓராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர் லண்டனில் இசைக்கலைஞர்களுக்கு மேலாளராக இருந்தவர். ஜார்ஜி ஃபேம் என்ற புதுப் பாடகரின் பதிவை எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாக ஏறி இறங்கியும் யாரும் ஒலிபரப்பவில்லை. கடலில் சொந்த நிலையம் வைத்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. முன்மாதிரிகள் இருந்தன. 1958-இல் டென்மார்க் கரைக்கு அப்பால் ரேடியோ மெர்க்கூர், 1960-இல் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் ரேடியோ வெரோனிகா, 1961-இல் ஸ்வீடனை நோக்கி ரேடியோ நார்ட் என்று கப்பல் வானொலிகள் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தன.

ஓராஹிலியின் தந்தைக்கு அயர்லாந்தின் கிரீனோர் துறைமுகம் சொந்தமாக இருந்தது. ஃப்ரெடெரிசியா என்ற பழைய டேனிஷ் பயணிகள் கப்பலை அங்கே கொண்டுபோய், உயரமான அலைக்கம்பம் நட்டு, டிரான்ஸ்மிட்டர் ஏற்றினார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் சிறுமகள் கேரலைனின் புகைப்படம் ஒன்றை ஓராஹிலி பத்திரிகையில் பார்த்திருந்தார். அந்தப் பெயரையே கப்பலுக்கும் நிலையத்துக்கும் வைத்தார். 1964 மார்ச் 28, ஈஸ்டர் சனிக்கிழமை, ஃபெலிக்ஸ்டோ ஊருக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பலிலிருந்து 199 மீட்டரில் ரேடியோ கேரலைன் பேசத் தொடங்கியது.

கடலைத் தேர்ந்ததற்குக் காரணம் சட்டம். அன்றைக்கு பிரிட்டனின் கடல் எல்லை கரையிலிருந்து 3 கடல் மைல். அதைத் தாண்டி, வேறு நாட்டில் பதிவான கப்பலில் இருந்து ஒலிபரப்பினால் உள்நாட்டுச் சட்டத்தால் தொட முடியாது. இன்னொரு காரணம் இயற்பியல். மத்திய அலை ஒலிபரப்புக்கு நல்ல மண்தொடர்பு தேவை. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் குறைந்த திறனுள்ள டிரான்ஸ்மிட்டரும் கடல்மேல் நின்று வெகுதூரம் போய்ச் சேரும்.

போட்டியாளர்கள் உடனே வந்தார்கள். ஆலன் கிராஃபோர்டின் ரேடியோ அட்லாண்டா, 'மி அமிகோ' கப்பலிலிருந்து மே மாதம் தொடங்கி, ஜூலையில் கேரலைனோடு இணைந்தது. முதல் கப்பல் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு அருகே போய் கேரலைன் வடக்கு ஆனது. மி அமிகோ தெற்கில் தங்கியது. டிசம்பரில் டெக்சாஸ் பணத்தோடு ரேடியோ லண்டன் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவாரிக் கப்பல் ஒன்றுக்கு 'கேலக்ஸி' என்று பெயர் மாற்றி, 266 மீட்டரில் அமெரிக்கப் பாணியில் விறுவிறுவென்று நிகழ்ச்சி நடத்தினார்கள். தேம்ஸ் முகத்துவாரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்புக்காகக் கட்டப்பட்டுக் கைவிடப்பட்ட கோபுரங்களில் ரேடியோ சிட்டி, ரேடியோ 390, ரேடியோ எஸ்ஸெக்ஸ் ஆகியவை குடியேறின. யார்க்ஷயர் கரையில் ரேடியோ 270, வடக்கே ரேடியோ ஸ்காட்லாந்து என்று கரை முழுதும் குரல்கள் கேட்டன.

சந்திப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கதைகள் பெரும்பாலும் கப்பலின் அன்றாட வாழ்வைப் பற்றியவை. அறிவிப்பாளருக்குப் பொதுவாக இரண்டு வாரம் கப்பல், ஒரு வாரம் கரை. ஹார்விச்சிலிருந்து வரும் சிறு படகுதான் குடிநீர், எரிபொருள், உணவு, புது இசைத்தட்டு, நேயர் கடிதம் எல்லாவற்றையும் கொண்டுவரும். கடல் கொந்தளித்தால் படகு வராது. அலையில் கப்பல் உருளும்போது இசைத்தட்டு முள் தாவாமலிருக்க முள்கையின் மேல் ஒரு பென்னி நாணயத்தை ஒட்டிவைப்பார்கள். குமட்டலை அடக்கிக்கொண்டு சிரித்த குரலில் பேச வேண்டும். பல கப்பல்களின் கேப்டனும் மாலுமிகளும் டச்சுக்காரர்கள். அறிவிப்பாளர்கள் இருபதுகளில் இருந்த ஆங்கிலேயர்கள், ஆஸ்திரேலியர்கள், கனடியர்கள், அமெரிக்கர்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் பிந்திக் கைக்கு வரும் இடத்திலிருந்து, நாட்டிலேயே மிகப் புதிய பாட்டை அவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பணமும் சுதந்திரமும் சேர்ந்தே போகவில்லை. விளம்பரத்தோடு அமெரிக்க மதப் பிரசார நிகழ்ச்சிகளும் முக்கிய வருமானம். ரேடியோ லண்டனில் அப்படியொரு நிகழ்ச்சியைக் கேலி செய்ததற்காக கென்னி எவரெட் வேலையிழந்தார். பின்னர் அதே நிலையத்துக்குத் திரும்பி வந்தார். 1966-இல் பீட்டில்ஸின் அமெரிக்கப் பயணத்தில் ரேடியோ லண்டன் சார்பில் கூடவே போனவரும் அவர்தான். 1967 கோடையில் அதே கப்பலின் நள்ளிரவு நேரத்தை ஜான் பீல் எடுத்துக்கொண்டார். 'பெர்ஃபியூம்ட் கார்டன்' என்ற அவரது நிகழ்ச்சியில் வேறெங்கும் கேட்காத இசைக்குழுக்கள் ஒலித்தன. மேலதிகாரிகள் தூங்கும் நேரத்தில் கிடைத்த அந்தச் சுதந்திரம் பிரிட்டிஷ் வானொலியில் அரைநூற்றாண்டுக்குத் தொடர்ந்த ஒரு பாணிக்கு அடித்தளம் போட்டது.

கரையில் இருந்தவர்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஃப்ரின்டன் கடற்கரையில் இரவில் கார்களை நிறுத்திவிட்டு இளைஞர்களும் காதலர்களும் கேரலைன் கேட்பார்கள். மி அமிகோவிலிருந்து அவர்களோடு பேசுவார் ஜானி வாக்கர். அவர் கேட்க, அவர்கள் காரின் முகவிளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பதில் சொல்வார்கள். கப்பல் மேல்தளத்திலிருந்து அந்த ஒளியைப் பார்த்து அவர் அவர்களுடைய பெயரையும் ஊரையும் ஊகித்து ஒலிபரப்புவார். தொலைபேசி இல்லாத கப்பலிலிருந்து நேயரோடு உடனுக்குடன் உரையாடும் வழி அது. 'ஃப்ரின்டன் ஃபிளாஷர்ஸ்' என்று பெயர் பெற்ற அந்த நேயர்கள் பின்னாளில் சந்திப்புக் கூடங்களுக்கு வந்தார்கள் என்றால் வியப்பில்லை. அவர்களும் அந்த நிகழ்ச்சியில் பேசியவர்களே.

ஆபத்தும் இருந்தது. 1966 ஜனவரி 20 அன்று இரவுப் புயலில் மி அமிகோவின் நங்கூரச் சங்கிலி அறுந்து, கப்பல் ஃப்ரின்டன் கடற்கரையில் தட்டி நின்றது. டோனி பிளாக்பர்ன் உட்பட அறிவிப்பாளர்களைக் கயிற்றில் தொங்கும் மிதவை வழியாகக் கரைக்கு இழுத்தார்கள். கப்பல் பழுதுபார்க்கப்படும்வரை ஸ்வீடனின் ரேடியோ சிட் நிலைய உரிமையாளர் பிரிட் வாட்னர் தன் 'சீட்டா 2' கப்பலைக் கேரலைனுக்குக் கொடுத்து உதவினார். கடல் ஒலிபரப்புக்காக ஸ்வீடனில் சிறைக்குப் போனவர் அந்தப் பெண்மணி. பிறகு ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குப் போய் அங்கே வானொலி நடத்தினார்.

அதே ஆண்டு ஜூன் 21 அன்று நடந்தது இதைவிடக் கொடியது. ரேடியோ சிட்டி உரிமையாளர் ரெஜ் கால்வெர்ட், டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பற்றிய தகராறில் ஆலிவர் ஸ்மெட்லி என்பவரின் வீட்டுக்குப் போனபோது சுடப்பட்டு இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்ன ஸ்மெட்லியை நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் கொண்டுவரக் காத்திருந்த அரசுக்கு அந்தச் சாவு ஒரு வலுவான வாதமாயிற்று. அப்போது அஞ்சல்துறைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர் டோனி பென். அவருக்குப் பின் வந்த எட்வர்ட் ஷார்ட் காலத்தில் சட்டம் நிறைவேறியது. அலைவரிசைக் குழப்பம், பாடலாசிரியர்களுக்கும் கலைஞர்களுக்கும் போக வேண்டிய உரிமைத்தொகை, ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஒப்பந்தம் ஆகியவை அரசு சொன்ன காரணங்கள்.

கடல் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் கப்பலை நேரடியாகத் தாக்கவில்லை. கரையைத் தாக்கியது. பிரிட்டிஷ் குடிமகன் அங்கே வேலை செய்தாலும், விளம்பரம் கொடுத்தாலும், சோறு தண்ணீர் கொண்டுபோனாலும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை. ஐல் ஆஃப் மேன் தீவின் நாடாளுமன்றம் இதை ஏற்க மறுத்தது. லண்டன் அரசு தன் ஆணையின் மூலம் அங்கேயும் சட்டத்தைச் செயலுக்குக் கொண்டுவந்தது.

1967 ஆகஸ்ட் 14, பிற்பகல் 3 மணி. ரேடியோ லண்டன் பீட்டில்ஸின் 'எ டே இன் தி லைஃப்' பாட்டோடு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டது. அந்த அறிவிப்பாளர்கள் ரயிலேறி லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கியபோது கூட்டம் அவர்களைச் சூழ்ந்தது. கையில் கறுப்புப் பட்டி கட்டிய பிள்ளைகள் அழுதார்கள். கேரலைன் மட்டும் அடங்கவில்லை. நள்ளிரவில் ஜானி வாக்கரும் ராபி டேலும் மைக்கின் முன் அமர்ந்து, சட்டத்தை மீறித் தொடர்ந்தார்கள். அந்த நொடிமுதல் அவர்கள் தாய்நாட்டுக்கு வந்தால் வழக்குக்கு ஆளாகக்கூடியவர்கள். உணவும் பொருளும் இனி நெதர்லாந்திலிருந்து வர வேண்டும். 1968 மார்ச் 3 அன்று, பாக்கித் தொகைக்காக இழுவைப்படகு நிறுவனமே இரு கப்பல்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

இதற்குள் பிபிசி கரையில் புது வீடு கட்டிவிட்டது. 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு ரேடியோ 1 தொடங்கியபோது முதலில் பேசியவர் டோனி பிளாக்பர்ன். ஜான் பீல், கென்னி எவரெட், எட் ஸ்டூவர்ட், கீத் ஸ்கூஸ், டேவ் கேஷ் எனக் கடலில் தொழில் கற்ற பலர் அங்கே வந்தார்கள். ரேடியோ லண்டனின் அடையாள இசைத்துணுக்குகளைத் தயாரித்துத் தந்த டல்லஸ் நகர நிறுவனமே ரேடியோ 1-க்கும் அவற்றைத் தயாரித்தது. கடலில் தண்டனைக்குரியதாக இருந்த அதே பாணி நகரின் நடுவே மாதச் சம்பளத்துக்கு உரியதாயிற்று. ஜானி வாக்கருக்கு மட்டும் கதவு உடனே திறக்கவில்லை. 1969-இல்தான் அவர் ரேடியோ 1-க்கு வந்தார்.

வேலை கிடைத்தவர்கள் பேரெடுத்தார்கள். கிடைக்காதவர்கள் வேறு தொழில் பார்க்கப் போனார்கள். டிரான்ஸ்மிட்டரைக் காத்த பொறியாளர்கள், சமையல்காரர்கள், டச்சு மாலுமிகள், லண்டன் மேஃபேர் பகுதியில் செஸ்டர்ஃபீல்ட் கார்டன்ஸ் அலுவலகத்தில் கடிதம் பிரித்த பெண்கள் ஆகியோரின் பெயர்களை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. சந்திப்புகளின் பெரிய பயன் இவர்களுக்குத்தான். மேடையில் பிரபல அறிவிப்பாளர் ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது, அன்று இரவு ஜெனரேட்டரை ஓட்டியவர் கூட்டத்திலிருந்து எழுந்து திருத்த முடிகிறது.

அவர்களை ஒன்று சேர்த்ததில் முன்னின்றவர்கள் ரசிகர்கள். 1970-களில் கப்பல்களை நேரில் பார்க்கப் படகு பிடித்துப் போன, மழைக்கோட்டு அணிந்த அந்த ரசிகர்களுக்கு 'அனோராக்' என்று பட்டப்பெயர் இருந்தது. எந்த நாள் எத்தனை மணிக்கு யார் பேசினார் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தவர்கள் அவர்கள். ஒலிநாடா நகல்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டவர்கள் அவர்கள். ரேடியோ லண்டனின் கடைசி மணி நேரமோ, கேரலைன் சட்டத்தை மீறித் தொடர்ந்த நள்ளிரவோ இன்று நம் காதில் விழுகிறது என்றால் அது அப்படி யாரோ வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்து பத்திரப்படுத்தியதால்தான்.

நெதர்லாந்தில் இந்த மரபு இன்னும் ஆழமானது. டச்சு வானொலி வரலாற்றாசிரியர் ஹான்ஸ் க்னொட்டும் அவருடைய நண்பர்களும் ஆம்ஸ்டர்டாமில் பல ஆண்டுகள் ஆண்டுதோறும் 'ரேடியோ டே' நடத்தினார்கள். மேடையில் பழைய அறிவிப்பாளர்களையும் பொறியாளர்களையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். சுற்றிலும் புத்தகம், ஒலித்தட்டு, புகைப்படக் கடைகள். பிரிட்டன், பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா எங்கிருந்தும் ஆள் வருவார்கள். அந்த உரையாடல்களே பல நூல்களுக்கு மூலமாயின.

டச்சுக்காரர்களுக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு ஏன் என்றால், அவர்களுடைய இழப்பு பிந்தி வந்தது. ரேடியோ வெரோனிகா 1974 ஆகஸ்ட் 31 வரை கடலில் நின்றது. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்து 1973 ஏப்ரல் 18 அன்று ஹேக் நகரில் பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. அதே மாதம்தான் வெரோனிகாவின் 'நார்டர்னெய்' கப்பல் புயலில் ஸ்கெவனிங்கன் கரையில் ஏறி நின்றது. 14 ஆண்டு ஒரே நிலையத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது வீட்டு உறுப்பினர் போல. ரசிகர்களே உறுப்பினராகச் சேர்ந்து, அதே பெயரில் சட்டப்படியான ஒலிபரப்பு அமைப்பை உருவாக்கினார்கள். 1964 டிசம்பரில் டச்சு அரசு படையனுப்பி மூடிய 'ரெம் தீவு' என்ற கடல் மேடையின் எச்சம்கூட இன்று ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் உணவகமாக நிற்கிறது.

நினைவு இனிப்பதால் தவறாமலிருக்கும் என்று சொல்ல முடியாது. 2009-இல் ரிச்சர்ட் கர்ட்டிஸ் இயக்கத்தில் 'தி போட் தட் ராக்ட்' திரைப்படம் வந்தபோது உலகமே கப்பல் வானொலியை ஓயாத கொண்டாட்டமாகப் பார்த்தது. உண்மையில் பணம் வராத மாதங்கள் இருந்தன. குளிரில் ஈரத் துணியோடு படுத்த இரவுகள் இருந்தன. ரெஜ் கால்வெர்ட்டின் சாவு இருந்தது. கீத் ஸ்கூஸ் தன் 'பாப் வென்ட் தி பைரேட்ஸ்' நூலில் நிலையம் நிலையமாகச் செய்திகளைத் திரட்டியது போன்ற உழைப்பு இல்லாவிட்டால், அடுத்த தலைமுறையிடம் திரைப்படம் மட்டுமே சாட்சியாக நின்றிருக்கும். ஒருவர் நினைவை இன்னொருவர் நினைவோடு மோதவிட்டுப் பார்க்க முடிந்ததுதான் நேர்ச்சந்திப்பின் மதிப்பு.

வேறு கடல்களிலும் இதே பாசம் உண்டு. நியூசிலாந்தில் அரசின் ஏகபோகத்தை எதிர்த்து டேவிட் கேப்ஸும் நண்பர்களும் 1966 டிசம்பரில் 'திரி' என்ற கப்பலிலிருந்து ரேடியோ ஹவுராக்கியைத் தொடங்கினார்கள். 1968 ஜனவரியில் கப்பல் கிரேட் பேரியர் தீவில் மோதி அழிந்தது. இரண்டாம் கப்பல் வாங்கித் தொடர்ந்தார்கள். 1,111 நாள் ஒலிபரப்புக்குப் பின் 1970 ஜூனில், கரையில் ஒலிபரப்ப உரிமம் பெற்ற வெற்றியோடு திரும்பும் கடைசிப் பயணத்தில் அறிவிப்பாளர் ரிக் கிராண்ட் கடலில் விழுந்து மறைந்தார். அந்த நிலையம் இன்றும் ஆக்லாந்தில் ஒலிக்கிறது. 

மத்தியதரைக் கடலில் 1973 முதல் 1993 வரை இஸ்ரேல் கரைக்கு அப்பால் நின்ற 'வாய்ஸ் ஆஃப் பீஸ்' கப்பலை நடத்தியவர் ஏபி நாதன். ஈரானில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, விமானி ஆனவர். அரபு மக்களும் யூதர்களும் ஒரே பாட்டைக் கேட்கட்டும் என்று கடலுக்குப் போனவர். அவர் கப்பலில் பேசியவர்களில் பலர் பிரிட்டிஷ் இளைஞர்கள். வடகடலில் தொழில் கற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். பணமின்றி 1993 நவம்பரில் கப்பலை அவரே கடலில் மூழ்கடித்தார். அதில் வேலை பார்த்தவர்களும் ஐரோப்பியச் சந்திப்புகளில் தங்கள் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேரலைனின் கதை மட்டும் முடியவில்லை. 1972-இல் மி அமிகோவோடு அது திரும்பியது. 1980 மார்ச் 19 இரவு புயலில் கப்பல் தேம்ஸ் முகத்துவார மணல்திட்டில் மூழ்கியது. ஷியர்னஸ் உயிர்காப்புப் படகு உள்ளே இருந்த நான்கு பேரையும் அவர்களுடைய கேனரிப் பறவையையும் கரைசேர்த்தது. அலைக்கம்பம் மட்டும் பல ஆண்டுகள் நீருக்கு மேல் நின்றது. 1983-இல் 'ராஸ் ரிவெஞ்ச்' என்ற பழைய மீன்பிடிக் கப்பலில் மறுபடி தொடங்கினார்கள். 300 அடி உயர அலைக்கம்பம் 1987 அக்டோபரின் பெரும்புயலைத் தாங்கி, அடுத்த மாதம் சரிந்தது. 1989 ஆகஸ்டில் டச்சு அதிகாரிகள் கப்பலேறிச் சாதனங்களைக் கைப்பற்றினார்கள். 1991 நவம்பரில் நங்கூரம் அறுந்து குட்வின் மணல்திட்டில் மாட்டி, டோவர் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கேரலைன் கப்பல் நடுக்கடலில் நின்ற காலம் அதோடு முடிந்தது.

அந்தக் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்காமல் காப்பாற்றியவர்கள் தொண்டர்கள். 2014 முதல் அது எஸ்ஸெக்ஸின் பிளாக்வாட்டர் ஆற்று முகத்துவாரத்தில் நிற்கிறது. 2017-இல் கேரலைனுக்கு மத்திய அலையில் 648 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்ப உரிமம் கிடைத்தது. பிபிசி உலக சேவை முன்பு பயன்படுத்திய அலைவரிசை அது. தடை செய்த நாடே ஐம்பது ஆண்டு கழித்துக் கொடுத்த அனுமதி. 'கேரலைன் வடக்கு' என்ற பெயரில் சில வார இறுதிகளில் ராஸ் ரிவெஞ்சிலிருந்தே நேரடியாக நிகழ்ச்சி நடக்கிறது. ஐல் ஆஃப் மேன் தீவின் மேங்க்ஸ் ரேடியோ தன் மத்திய அலையில் அதை எடுத்து ஒலிபரப்புகிறது. லண்டன் அரசின் சட்டத்தை ஏற்க மறுத்த தீவு, கேரலைனுக்குக் கொடுத்த இடத்தை மறக்கவில்லை.

இப்போது சந்திப்புகளில் நாற்காலிகள் காலியாகின்றன. கென்னி எவரெட் 1995-லும், ஜான் பீல் 2004-லும், டேவ் கேஷ் 2016-லும் இறந்தார்கள். 2020 ஏப்ரலில் ஓராஹிலி போனார். 2024-இன் கடைசி நாளில் ஜானி வாக்கர். உடல்நலம் குன்றியதால் அவர் தன் பிபிசி நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்று இரண்டு மாதமே ஆகியிருந்தது. சட்டம் வந்த நாளில் இருபதுகளில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தொடுகிறார்கள். அவர்களைவிடச் சற்றே இளையவர்களான ரசிகர்கள் ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருக்கிறார்கள். பல ஆண்டு பழைய நாடாக்களில் பூச்சு உதிர்கிறது. எது முதலில் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ராஸ் ரிவெஞ்சுக்குப் படகில் பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். கலையகத்தையும் டிரான்ஸ்மிட்டர் அறையையும் காட்டும் தொண்டர்களில் அறுபதுகளின் வானொலியை நேரில் கேட்காத வயதினரும் உண்டு. இரும்பு உடம்பு 1960-இல் கட்டியது, உப்பு நீரில் துரு நிற்பதில்லை. அதனால் வருகிறவர்களிடம் பழைய கதையோடு வெல்டிங்குக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவையும் சொல்லி உதவி கேட்கிறார்கள்.